உங்கள் தெருவுக்கு ஒரு செட்டுக் கணக்கு போடுவது எப்படி?

பூமர், மில்லினியல், ஜென் இசட் என்று தலைமுறைப் பெயர்கள் இப்போது எல்லார் வாயிலும் அடிபடுகின்றன. இதில் பூமர் என்பது அமெரிக்காவில் பிறப்பு ஏறி இறங்கிய கணக்கிலிருந்து வந்த பெயர். மற்றவை அதன் பின்னால் தொடுத்தவை. அதைத் தூக்கி வந்து எங்கள் தருமபுரி மாவட்டத்தில், பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ ஒட்டினால் ஒட்டாது. நம் ஊரில் யார் யார் ஒரே செட்டு, அதாவது ஒரே காலத்தில் பிறந்து ஒரே மாதிரி வளர்ந்தவர்கள், எந்த வருஷத்தோடு ஒரு செட்டு முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதை நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சார்ட் பேப்பர், பென்சில், நல்ல ரப்பர், அப்புறம் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பேசக் கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

நான் பாலக்கோடு பக்கம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வாத்தியார் வேலை என்றால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் சேர்ந்தே வரும். அந்தப் படிவத்தில் மணமான பெண்களிடம் கேட்கும் கேள்விகள் சில உண்டு: கல்யாணத்தின்போது என்ன வயது, உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை. ஒரு ஊரின் கதை முழுவதும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும் என்பது என் கட்சி.

தாளைக் கோடு போடுங்கள்

தாளின் நீளவாக்கில் 1930இலிருந்து 2030 வரை ஐந்து ஐந்து வருஷமாகக் கட்டம் பிரியுங்கள். ஆளுக்கு ஒரு வரி. பிறந்த வருஷக் கட்டத்தில் ஒரு புள்ளி. பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம் என்று வைத்துக்கொண்டால் பின்னால் எண்ணச் சுலபம். புள்ளிக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் கல்யாண வயது, முதல் பிள்ளை பிறந்தபோது வயது, கடைசிப் பிள்ளை பிறந்தபோது வயது, பிறந்தவை, தங்கியவை, 25 வயதில் எந்த ஊரில் இருந்தார் என்று எழுதுங்கள். பெயர் எழுத வேண்டாம். தெருவில் தாளைப் பார்க்க ஆள் கூடும், பெயர் இருந்தால் வம்பு வரும். வீட்டுக்கு ஒரு எண் கொடுத்துவிடுங்கள்.

கடைசிப் பிள்ளையின்போது தாய்க்கு என்ன வயது என்பதைப் பலர் விட்டுவிடுவார்கள். விடாதீர்கள். அதுதான் அதிகம் பேசும். எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். அம்மா பிறந்தது 1939. பதினைந்து வயதில் கல்யாணம். அன்றைய சட்டப்படி பெண்ணுக்கு 15தான் குறைந்தபட்ச வயது. 18 ஆக்கியது 1978இல். அம்மாவுக்கு முதல் பிள்ளை 1955இல், கடைசிப் பிள்ளை 1977இல். பிறந்தது ஒன்பது, தங்கியது ஆறு. நான் 1960இல் பிறந்தவள். ஆசிரியர் பயிற்சி முடித்து 22 வயதில் கல்யாணம், 1984இல் ஒன்று, 1987இல் ஒன்று, உடனே குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன். அம்மா இருபத்திரண்டு வருஷம் பிள்ளை பெற்றார், நான் மூன்று வருஷத்தில் முடித்துவிட்டேன். தமிழ்நாட்டில் பிறப்பு விகிதம் குறைந்த விதம் பெரும்பாலும் இதுதான்: சின்ன வயதிலேயே கல்யாணம் செய்து, சின்ன வயதிலேயே இரண்டு பெற்று, இருபத்தைந்து இருபத்தாறிலேயே நிறுத்திக்கொண்டார்கள். தள்ளிப்போட்டுப் பெறுவது அதற்கு அடுத்த செட்டின் வழக்கம்.

இன்னொன்றையும் தாளில் பார்ப்பீர்கள். என் அக்கா 1955, அவள் மூத்த மகள் 1973. என் கடைசித் தம்பி 1977. அதாவது தாய்மாமனைவிட மருமகள் நாலு வயது பெரியவள். உறவில் அவன் ஒரு படி மேலே, ஆனால் பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பின்னால். அக்கா மகளும் என் தம்பியும் ஒரே சத்துணவுத் தட்டில் சாப்பிட்டவர்கள், ஒரே டிவியில் ஒளியும் ஒலியும் பார்த்தவர்கள். அவர்கள்தான் ஒரு செட்டு. உறவு முறையை வைத்துப் பிரித்தால் இது தப்பிப்போகும். அதனால் தாளில் எப்போதும் பிறந்த வருஷத்தை வைத்தே நிற்க வையுங்கள். யார் யாருக்குப் பிள்ளை என்பதை மெல்லிய கோடாக இழுத்தால் போதும்.

அந்தக் கோட்டின் நீளத்தையும் அளந்து பாருங்கள். அம்மா பாட்டியானது 34 வயதில். அக்கா மகளுக்கு 1993இல் பிள்ளை பிறந்தபோது 54 வயதில் கொள்ளுப்பாட்டியும் ஆகிவிட்டார். என் மகளுக்கு 28 வயதில் கல்யாணம், முப்பதில் ஒரே குழந்தை. நான் பாட்டியானது 54இல். பிள்ளை எத்தனை என்பதோடு, எந்த வயதில் என்பதும் சேர்ந்துதான் ஒரு வீட்டில் ஒரே நேரத்தில் எத்தனை தலைமுறை உயிரோடு இருக்கும் என்பதை முடிவு செய்கிறது.

வருஷத்தைப் பிடிப்பது

இதுதான் கஷ்டமான இடம். ஆதாரை நம்பாதீர்கள். பெரியவர்களின் ஆதாரில் பாதிக்குப் பாதி ஜனவரி 1 என்று இருக்கும். வயது மட்டும் சொன்னால் கம்ப்யூட்டர் தானாக ஜனவரி முதல் தேதியைப் போட்டுக்கொண்டது. பள்ளிச் சான்றிதழையும் முழுசாக நம்பாதீர்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்பதற்காக மே, ஜூன் என்று எழுதிச் சேர்த்துக்கொள்வது எங்கள் வழக்கம். பையன் வலது கையைத் தலைக்கு மேல் சுற்றி இடது காதைத் தொட்டால் வயது ஐந்து, அவ்வளவுதான் சோதனை. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் வந்தது. ஆனால் வீட்டிலேயே பிரசவம் பார்த்த காலத்தில் எங்கள் பக்கம் எத்தனை பேர் போய் எழுதினார்கள்? நேராக வயதைக் கேட்டால் 45, 50, 60 என்று ரவுண்டாகத்தான் வரும்.

ஊருக்கே தெரிந்த நிகழ்ச்சிகளில் முடிச்சுப் போட்டுக் கேளுங்கள். நான் வைத்திருக்கும் பட்டியல் இது: கே.ஆர்.பி. அணை கட்டியது 1950களில். சேலத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபரில். அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி. காமராஜர் இறந்தது 1975 அக்டோபர். இந்திரா காந்தி சுடப்பட்டது 1984 அக்டோபர் கடைசியில். எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர். ராஜீவ் காந்தி 1991 மே. இலக்கியம்பட்டியில் மாணவிகள் வந்த பஸ்ஸை எரித்தது 2000 பிப்ரவரி. கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 2004 பிப்ரவரி. அதே வருஷம் அக்டோபரில் பாப்பாரப்பட்டி பக்கம் வீரப்பன் சுடப்பட்டது. அதற்குப் பின் பிறந்தவர்களுக்கெல்லாம் சான்றிதழே இருக்கும்.

எங்கள் தெருக் கடைசி வீட்டு அக்காவிடம் கேட்டது இப்படி:

"அக்கா, உங்களுக்கு எந்த வருஷம் கல்யாணம்?"

"அதெல்லாம் யாரு டீச்சர் எழுதி வச்சாங்க?"

"சரி, அண்ணா செத்தப்போ பெரியவன் பிறந்துட்டானா?"

"ரேடியோவுல அழுவுறாங்க, இவன் தத்தித் தத்தி நடக்குறான். சின்னவ வயித்துல."

அப்படியானால் பெரியவன் 1967. கல்யாணமாகி மூன்றாம் வருஷம் அவன் பிறந்தான் என்றார். கல்யாணம் 1964 வாக்கில். வயதுக்கு வந்து இரண்டு வருஷத்தில் கல்யாணம் என்றால் அவர் பிறந்தது 1948 ஒட்டி. ஆதாரில் 1940 என்று இருக்கிறது. முதியோர் உதவித்தொகைக்கு எழுதும்போது யாரோ தாராளமாகப் போட்டுவிட்டார்கள். இரண்டு மூன்று வருஷம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை, கட்டம் ஐந்து வருஷத்துக்குத்தானே.

மாதத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் ஆர்வமுள்ளவர்கள் மாதத்தையும் குறித்துக்கொண்டு சித்திரையில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கலாம். ஆடிக்குப் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதன் வேலை அங்கே தெரிகிறதா என்று பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு.

பிள்ளைகளைக் கேட்கும் முறை

"எத்தனை குழந்தைகள்?" என்று கேட்டால் இருப்பவர்களை மட்டும் சொல்வார்கள். மூத்தவரிலிருந்து வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் மூன்று வருஷத்துக்கு மேல் இடைவெளி இருந்தால், "நடுவுல ஏதாவது தங்காம போச்சாக்கா?" என்று மெதுவாகக் கேளுங்கள். பதில் வந்தால் எழுதுங்கள், வராவிட்டால் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள். எங்கள் மாவட்டத்தில் இது வெறும் கணக்கு இல்லை. பெண் குழந்தைகள் தங்காமல் போனதற்கு நோய் மட்டும் காரணம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. துருவாதீர்கள். அந்த இடைவெளியே தாளில் பேசும்.

பிறந்தவை, தங்கியவை என்று இரண்டு எண்ணையும் தனித்தனியே எழுதச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவில் இரண்டாம் உலகப்போர் முடிந்து ஆட்கள் வீடு திரும்பியதும் கல்யாணமும் பிறப்பும் ஏறின. 1946 முதல் 1964 வரை அப்படி. 1957இல் மட்டும் சுமார் 43 லட்சம் குழந்தைகள். அங்கே பெருத்தது பிறப்பினால். நம் நாட்டில் பிறப்பு ஏற்கெனவே உயரத்தில்தான் இருந்தது, சாவு குறைந்தது. தடுப்பூசி, கிணற்றில் குளோரின், ஆரம்ப சுகாதார நிலையம், ரேஷன் அரிசி எல்லாம் வர வர, பிறந்ததில் தங்கியது கூடிக்கொண்டே போனது. இந்தியாவில் 1971இல் ஆயிரம் குழந்தைக்கு 129 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள்; 2020இல் 28. தமிழ்நாட்டில் 2020இல் 13. ஆகவே நம் தாளில் 1950க்கும் 1975க்கும் நடுவே புள்ளிகள் நெருக்கமாக விழுந்தால் "அந்தக் காலத்தில் நிறையப் பெற்றார்கள்" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். அவர்களுக்கு முந்தியவர்களும் அதே அளவு பெற்றார்கள்தான்.

தாளைப் படிப்பது: முதலில் மாமனை எண்ணுங்கள்

தாள் நிரம்பியதும் எல்லோரும் குழந்தைகளைத்தான் எண்ணத் தொடங்குவார்கள். நான் தாய்மாமன்களை எண்ணச் சொல்வேன். எங்கள் பக்கம் காதுகுத்தா, சடங்கா, கல்யாணமா, எதிலும் மாமன் சீர் இல்லாமல் பந்தல் நிமிராது. கூடப்பிறந்த அக்கா மகளைக் கட்டுவதும் இங்கே சகஜம்.

ஆறு பிள்ளைகள் உள்ள வீட்டில் பிறந்த பெண்ணுக்குக் கூடப்பிறந்தவர் ஐந்து பேர். அந்த ஐந்தும் பெண்ணாகவே இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்றுதான். அவள் பிள்ளைகளுக்கு மாமன் இல்லாமல் போவது அபூர்வம். இரண்டு பிள்ளை வீட்டில் கூடப்பிறந்தது ஒன்றுதான். அது தம்பியாகவோ அண்ணனாகவோ இருக்கும் வாய்ப்பு பாதிக்குக் கொஞ்சம் மேல். ஆக நாம் இருவர் நமக்கு இருவர் என்று நிறுத்திய செட்டின் பேரப்பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தாய்மாமன் கிடையாது. ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்தவளின் குழந்தைக்கு மாமனும் இல்லை, சித்தியும் இல்லை.

போன வருஷம் தீர்த்தமலையில் ஒரு காதுகுத்து. குழந்தையின் அம்மா வீட்டில் இரண்டு பெண்கள் மட்டும். மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டிய நேரத்தில், அந்த அம்மாவின் பெரியம்மா மகன் ஒருவர் ஓசூரிலிருந்து பைக்கில் வந்துகொண்டிருந்தார். ஆசாரி ஊசியைச் சந்தனத்தில் தொட்டு வைத்துக்கொண்டு, "மாமன் எங்கம்மா?" என்று மூன்றாம் முறை கேட்டார். கடைசியில் பக்கத்தில் நின்ற குழந்தையின் சித்தப்பாவைத் துண்டு போட்டு உட்கார வைத்தார்கள். பாட்டிக்கு முகம் சரியில்லை. குழந்தை என்னவோ யார் மடியில் இருந்தாலும் அழத்தான் செய்தது.

சொந்தத்தில் கல்யாணம் குறைவதற்குப் படிப்பையும் டாக்டர் சொல்லும் எச்சரிக்கையையும் காரணமாகச் சொல்வார்கள். அதுவும் உண்மை. ஆனால் கட்டிக்கொடுக்க முறைமாமனே இல்லை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உங்கள் தாளில் 2000க்குப் பின் பிறந்த ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் மா, அ, சி, பெ என்று எழுதி, மாமன், அத்தை, சித்தி சித்தப்பா, பெரியம்மா பெரியப்பா இருந்தால் டிக் போடுங்கள். 1960களில் பிறந்தவர்களுக்கும் இதையே செய்யுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு விளக்கம் தேவையில்லை.

அடுத்து மாப்பிள்ளைகளை எண்ணுங்கள்

வழக்கமாக மாப்பிள்ளை பெண்ணைவிட நாலைந்து வயது பெரியவர். தாளில் ஒரு ஐந்து வருஷக் கட்டத்தின் ஆண்களை எண்ணி, அடுத்த கட்டத்தின் பெண்களோடு வைத்துப் பாருங்கள். ஒரே கட்டத்தில் ஆணையும் பெண்ணையும் ஒப்பிட்டால் இந்த விஷயம் தெரியாது.

தங்கும் பிள்ளைகள் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போன காலத்தில், அடுத்த கட்டத்தின் பெண்கள் முந்தைய கட்டத்தின் ஆண்களைவிட அதிகமாக இருப்பார்கள். மாப்பிள்ளைக்குத் தட்டுப்பாடு. எங்கள் பாட்டி காலத்தில் மாப்பிள்ளை வீட்டார்தான் பரிசம் போட்டுப் பெண் எடுத்தார்கள். என் செட்டில் அது தலைகீழாகி, நகை, பாத்திரம், பின்னால் பைக் என்று பெண் வீட்டின் தலையில் ஏறியது. 1961லேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்துவிட்டது, யார் கேட்டார்கள்? சம்பள வேலையும் படிப்பும் இதற்குப் பெரிய காரணம். எண்ணிக்கைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்று ஆராய்ச்சியாளர்கள் சிலர் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

பிறப்பு குறைய ஆரம்பித்ததும் கணக்கு மறுபடி புரண்டது. இங்கே பென்சிலை எடுங்கள். ஒரு பேச்சுக்கு, ஒரு கட்டத்தில் 1000 ஆண்கள். ஐந்து வருஷத்தில் பிறப்பு பத்து சதவீதம் குறைந்தது என்றால் அடுத்த கட்டத்தில் ஆண்கள் 900. பெண்களும் ஏறக்குறைய அதே அளவு இருக்க வேண்டும். ஆனால் 2001 கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் 1000 ஆண்களுக்கு 826 பெண்கள். அந்த விகிதத்தைப் போட்டால் 900க்கு 743 பெண்கள். ஆயிரம் மாப்பிள்ளைக்கு 743 பெண். 2001இல் ஆறு வயதுக்குள் இருந்தவர்கள் இன்றைக்கு இருபதுகளின் பின்பாதியிலும் முப்பதைத் தொட்டும் நிற்கிறார்கள். சந்தையில், டீக்கடையில், கோயில் திருவிழாவில், "பையனுக்குப் பெண் அமையவே இல்லை" என்று புலம்பும் அப்பாக்களிடம் பையன் எந்த வருஷம் என்று கேட்டுப் பாருங்கள். ஜாதகத்தில் தோஷம் என்று பரிகாரத்துக்கு அலைகிறார்கள். தோஷம் அன்றைக்குப் பிறக்க விடாதவர்களிடமும், பிறந்ததைத் தங்க விடாதவர்களிடமும் இருந்தது.

இதன் பின் நிலைமை மாறியது. வேண்டாத குழந்தையை அரசிடம் விட்டுவிடும் தொட்டில் குழந்தைத் திட்டம், 1992இல் சேலத்தில் ஆரம்பித்தது, தருமபுரிக்கும் வந்தது, ஸ்கேன் சென்டர்கள் மேல் சட்டம் வந்தது, பிரசவமெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போனது. 2011 கணக்கெடுப்பில் அந்த 826 என்ற எண் 900ஐத் தாண்டிவிட்டது. ஆகவே 1995 ஒட்டிப் பிறந்த ஆண்களையும் 2008 ஒட்டிப் பிறந்த ஆண்களையும் ஒரே செட்டில் வைக்காதீர்கள். கையில் ஒரே மாதிரி போன் இருக்கலாம். பெண் தேடும்போது இவர்கள் படும் பாடு வேறு வேறு.

பிரிவை எழுதுவது

இந்தக் கட்டத்தில் நிதானம் வேண்டும். கோர்ட்டுக்குப் போய் விவாகரத்து வாங்கியவர்களை மட்டும் எழுதினால் உங்கள் தெருவில் எல்லோரும் சேர்ந்து வாழ்வதாகத்தான் தாள் சொல்லும். 1955 இந்துத் திருமணச் சட்டத்தில் விவாகரத்துக்கு இடம் வந்தது. இருவரும் சம்மதித்துப் பிரியும் பிரிவு சேர்ந்தது 1976இல். எங்கள் ஊர்களில் அதற்கு முன்பும் பின்பும் பஞ்சாயத்துப் பேசித் தீர்த்துவிட்டதே அதிகம். சில சமூகங்களில் மறுபடி கட்டிக்கொள்வதும் சாதாரணமாக நடந்தது. 2011 கணக்கெடுப்பில் விவாகரத்து ஆனவர், பிரிந்து வாழ்பவர் என்று இரண்டையும் தனித்தனியே கேட்டார்கள். நாடு முழுக்க விவாகரத்து ஆனவர்கள் சுமார் 13.6 லட்சம், பிரிந்து வாழ்பவர்கள் சுமார் 35 லட்சம். எண்களின் பெரும்பகுதி கோர்ட்டுக்கு வெளியே இருக்கிறது.

கேள்வியாகக் கேட்காதீர்கள். "மாப்பிள்ளை எங்க வேலை?" என்றால் "பெங்களூர்ல" என்று பதில் வரும். அந்த பெங்களூர் பொங்கலுக்கும் வராத பெங்களூர் என்றால் தாளில் ஒரு சின்ன கோடு மட்டும் போட்டுக்கொண்டு பேச்சை ராகி விலைக்கு மாற்றிவிடுங்கள்.

விகிதத்தைப் படிக்கும்போதும் ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் 1980 ஒட்டி ஆயிரம் மக்களுக்கு ஐந்துக்கு மேல் இருந்த விவாகரத்து விகிதம் 2022இல் 2.4க்கு இறங்கிவிட்டது. குடும்பங்கள் எல்லாம் உறுதியாகிவிட்டன என்று அர்த்தம் இல்லை. கல்யாணமே தள்ளிப்போகிறது, குறைகிறது. கட்டினால்தானே பிரிய முடியும்? நம் பக்கம் இது எதிர்த்திசையில் நடக்கும். பெண்ணுக்குச் சம்பளம் வந்தால், தாய்வீட்டில் இடம் இருந்தால், முன்பு சகித்துக்கொண்டு கிடந்தவள் இன்று வெளியே வருவாள். விகிதம் ஏறும். ஏறுவதைப் பார்த்துக் காலம் கெட்டுவிட்டது என்று தலையில் அடித்துக்கொள்பவர்கள், முன்பு கிணற்றில் விழுந்த கணக்கையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளட்டும்.

பிறப்பிலும் இதே மாதிரி ஒரு குழப்பம் உண்டு. ஒரு வருஷத்தின் பிறப்பு விகிதம் வேறு, ஒரு செட்டுப் பெண்கள் கடைசியில் பெற்ற பிள்ளைகளின் சராசரி வேறு. எல்லோரும் மூன்று வருஷம் தள்ளிப்போட்டால் நடுவில் உள்ள வருஷங்களில் பிறப்பு சரிந்ததுபோல் தெரியும். பின்னால் அதே இரண்டைப் பெற்றாலும் அந்தச் சரிவு புள்ளிவிவரத்தில் நின்றுவிடும். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1992-93இல் சுமார் 2.5, 2005-06இல் 1.8, 2019-21இலும் 1.8 என்று தேசிய குடும்பநல ஆய்வுகள் சொல்கின்றன. மக்கள்தொகை கூடாமல் குறையாமல் நிற்க 2.1 வேண்டும். இவை ஆய்வு நடந்த காலத்தின் கணக்கு. உங்கள் தாளிலோ நாற்பத்தைந்து வயது தாண்டிய பெண்களின் முடிந்த கணக்கு இருக்கிறது. அதற்குக் கீழே உள்ளவர்களின் எண்ணைப் பென்சிலில் மட்டும் எழுதுங்கள்.

கோடு எங்கே போடுவது?

செட்டுகளைப் பிரிக்கும் கோட்டைப் பத்து வருஷத்துக்கு ஒன்று என்று சமமாகப் போட வேண்டாம். ஒரே ஒரு வருஷம்கூடத் தனிச் செட்டாகலாம். ஜப்பானில் 1966 நெருப்புக் குதிரை ஆண்டு. அந்த ஆண்டில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாது என்று நம்பிக்கை. நம் மூல நட்சத்திரப் பேச்சு போலத்தான். அந்த ஒரு வருஷம் பிறப்பு நான்கில் ஒரு பங்கு விழுந்தது. அறுபது வருஷம் கழித்து 2026 மறுபடி அதே ஆண்டு. ருமேனியாவில் 1966இல் கருக்கலைப்புக்குத் தடை போட்டார்கள். 1967இல் பிறப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்தக் குழந்தைகள் வாழ்க்கை முழுக்க நெரிசலிலேயே போனார்கள், வகுப்பறையிலிருந்து வேலை வரை.

நம் ஊரில் கோடு எங்கே விழும் என்று கண்டுபிடிக்க, கல்யாண வயதும் பிள்ளை எண்ணிக்கையும் சட்டென்று மாறும் இடத்தைத் தேடுங்கள். பிறகு அந்தப் பெண்கள் பதினாறு, பதினேழு வயதில் இருந்தபோது ஊருக்கு என்ன வந்தது என்று கேளுங்கள். எங்கள் தெருவில் தெளிவாக மூன்று இடங்கள் தெரிந்தன. ஆபரேஷன் செய்துகொள்வது வெட்கம் இல்லை என்று ஆன செட்டு ஒன்று. அவசரநிலைக் காலத்துப் பயம் ஓய்ந்து, சுகாதார நர்ஸ் வீட்டுக்கு வந்து பேசிய காலம். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான கல்யாண உதவிக்குப் படிப்பு நிபந்தனை இருந்ததால் "பத்தாவதையாவது முடிக்கட்டும்" என்று நிறுத்திவைத்த செட்டு அடுத்தது. அந்தத் திட்டம் 1989இல் தொடங்கியது. 2022இல் அதை மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் ஆக்கினார்கள். கல்யாணத்துக்குக் கொடுத்த பணம் படிப்புக்குப் போனதன் விளைவு இன்னும் பத்து வருஷம் கழித்துத்தான் தாளில் விழும்.

மூன்றாவது, பதினோராம் வகுப்பில் இலவச சைக்கிள் கிடைத்த செட்டு. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். பஸ் இல்லாத ஊரிலிருந்து மேல்நிலைப் பள்ளிக்கு ஆறேழு கிலோமீட்டர். தனியாக நடத்தி அனுப்ப மாட்டார்கள். நாலு பெண்கள் சேர்ந்து சைக்கிளில் போனால் அனுப்புவார்கள். இரண்டு வருஷம் படிப்பு நீண்டது, கல்யாணம் இரண்டு வருஷம் தள்ளியது, அதன் பின் ஓசூர்க் கம்பெனி வேனில் ஏறியவர்களுக்கு இன்னும் மூன்று வருஷம் தள்ளியது. கிருஷ்ணகிரி பக்கம் உள்ளவர்கள் ஓசூர் வேலையால் விழும் இந்தக் கோட்டை எங்களைவிட ஒரு பத்து வருஷம் முன்னால் போட வேண்டியிருக்கலாம். சிப்காட் தொழிற்பேட்டை அவர்களுக்கு வாசலில் வந்தது.

ஆண்களுக்குக் கோடு வேறு இடத்தில் விழும். "25 வயதில் எந்த ஊர்" என்ற பதிலைப் பார்த்தால் போதும்: ஒரு கட்டம் வரை சொந்த ஊர், அப்புறம் பெங்களூர் கட்டட வேலை, திருப்பூர், இப்போது ஓசூர். கொரோனாவில் பரீட்சை எழுதாமலே 2020இல் பத்தாவதோ 2021இல் பிளஸ் டூவோ பாஸானவர்களுக்கு இப்போதைக்குக் கோடு போடாதீர்கள். அந்த இரண்டு வருஷம் பள்ளி மூடியிருந்தபோது எங்கள் பக்கம் அவசரக் கல்யாணங்கள் நடந்தன. அந்தப் பெண்களின் புள்ளிகள் அக்காக்களின் புள்ளியைவிட அம்மாக்களின் புள்ளியோடு போய்ச் சேருகின்றனவா என்று பார்க்க இன்னும் கொஞ்ச வருஷம் ஆகும்.

தாளை வைத்து என்ன செய்யலாம்?

கிராம சபைக்கு எடுத்துப் போகலாம். ஒன்றாம் வகுப்பில் இனி எத்தனை பேர் சேருவார்கள், எழுபது தாண்டித் தனியாக இருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் ஒற்றைப் பிள்ளையைப் பெங்களூருக்கு அனுப்பியவர்கள் எத்தனை பேர் என்று விரல் வைத்துக் காட்டலாம். எங்கள் ஊரில் மூன்றாவது அங்கன்வாடி வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் தாளைப் பார்த்துவிட்டு, வாரத்துக்கு ஒருமுறை பிரஷர், சுகர் பார்க்க நர்ஸ் வர வேண்டும் என்று மனுவை மாற்றினார்கள்.

2021இல் எடுத்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய் 2027க்கு வந்திருக்கிறது. வீட்டுக்கு வரும் ஆசிரியரிடம் வயதை உத்தேசமாகச் சொல்லாமல், உங்கள் வரியைப் பார்த்துச் சொல்லுங்கள். தங்காமல் போன பிள்ளைகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். உயிரோடு பிறந்தவர்கள், இப்போது இருப்பவர்கள் என்று 2011 படிவத்தில் தனித்தனிக் கட்டம் இருந்தது. தாளை மடித்து வைக்காமல் சுருட்டி வையுங்கள், மடிப்பில் பென்சில் எழுத்து அழிந்துவிடும்.